ஆஸா ப்ளெட்சோ எழுந்துபோன வரி

டாலிவர் கவுண்டி நூலகத்துக்குள் வெர்னா ப்ளெட்சோ நுழையும் நாட்களில், அவளுடைய தாத்தாவின் தாத்தாவான ஆஸா ப்ளெட்சோ 1820ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எழுந்து போய்விடுவார். மேல் வரியில் கொல்லர் பெஞ்சமின் போலர்ட் இருப்பார், கீழ் வரியில் விதவை ஹன்னா கிரைடர் இருப்பாள், நடுவில் மட்டும் ஆள் எழுந்துபோன நாற்காலியைப் போல ஒரு இடம் வெறிச்சென்று கிடக்கும். வெர்னாவின் கார் தெருமுனை திரும்பியதும் வரி நிரம்பிவிடும். நூலகர் கிளைட் ராட்லிஃப் முதலில் பழைய பதிவேடுகளைப் பெரிதாக்கிக் காட்டும் படச்சுருள் எந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். பிறகு, மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வதைப் போல இதுவும் அந்தக் கட்டடத்தின் குணம் என்று விட்டுவிட்டார்.

வெர்னாவால் விட முடியவில்லை. அது 1976. நாட்டுக்கு இருநூறு வயது. கென்டக்கியின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் ஜூலை நான்காம் தேதி ஊர்வலம் ஏற்பாடாகியிருந்தது. முதலில் குடியேறியவர்களின் வாரிசுகள் முன்னால் போகும் குதிரை வண்டியில் உட்காரலாம், ஆனால் ஊர்வலத்தை நடத்தும் வரலாற்றுச் சங்கத்துக்கு வம்சாவளிச் சான்று காட்ட வேண்டும். ஊர்த் தபால் நிலையத்தை ஆண்டவள் வெர்னா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த ஊரை உண்டாக்கியதே ஆஸாதான் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தவள். டெப்போ தெருவில் இருந்த கறுப்பின ப்ளெட்சோக்களுக்கு வரும் கடிதங்கள் சில சமயம் அவள் வீட்டுக்கான தபால் கட்டுக்குள் கலந்துவிடும். அப்போதெல்லாம், "இது அந்த ப்ளெட்சோக்களோடது. நமக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று நாலு பேர் கேட்கச் சொல்லித் தனியே எடுத்து வைப்பாள். அந்தக் குடும்பத்தின் ஆர்டெல்லா, வரிசையில் நின்றுகொண்டு அதைப் பலமுறை கேட்டிருக்கிறாள். தபால்தலையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவாள்.

மே மாதத்தில் ஒருநாள் கிளைட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மிஸ் வெர்னா, தப்பா எடுத்துக்காதீங்க. டெப்போ தெரு ஆர்டெல்லாம்மா நேத்து வந்தாங்க. அவங்க பார்க்கறப்ப உங்க தாத்தா அசையாம உட்கார்ந்திருந்தாரு. உங்க தலையைக் கண்டாத்தான் எந்திரிச்சு ஓடறாரு."

"என்னைக் கண்டு அவரு ஏன் ஓடணும்?"

"அதை அவருகிட்டத்தான் கேக்கணும். எனக்கென்னவோ வெக்கப்படறாரோன்னு தோணுது."

வெர்னாவுக்குக் காது மடல் வரை சுட்டது. ஒரு வாரம் யோசித்தாள். ஆர்டெல்லா நடத்திவந்த சவ அடக்க நிலையத்தின் படியேறியபோது, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததற்காக மேலும் வெட்கப்பட்டாள்.

ஆர்டெல்லா கறுப்பு உடையில் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றாள். "வாங்க மிஸ் வெர்னா. யாரு தவறிட்டா?"

"யாரும் இல்ல. சும்மாதான்... ஒரு விஷயம் பேசணும்."

"உயிரோட இருக்கறவங்க விஷயமா? அது எனக்குப் பழக்கமில்லாத தொழிலாச்சே." சிரிக்காமல் சொன்னாள். பிறகு, வந்த காரியம் முழுவதையும் வெர்னா தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டாள். "வாங்க, போவோம். அவன் என்கிட்ட ஒளியமாட்டான். எங்ககிட்ட ஒளிக்க அவனுக்கு ஒண்ணுமில்ல."

இருவரும் எந்திரத்தின் முன்னால் தோளோடு தோளாக உட்கார்ந்தார்கள். வெள்ளை இடத்தில் முதலில் ஒரு எழுத்து வந்தது, தயங்கியது, மற்றவையும் வந்தன. ஆஸா ப்ளெட்சோ. அந்தக் காலத்துக் கணக்கில் வீட்டுத் தலைவனுக்கு மட்டும்தான் பெயர். மற்றவர்கள் கட்டத்துக்குள் வெறும் எண்ணிக்கை. வெள்ளையரின் கட்டத்தில் ஆஸா ஒருவர். அடிமைகளின் கட்டத்தில் ஒரு பெண், மூன்று சிறு பையன்கள்.

ஆர்டெல்லா கண்ணாடியில் விரல் வைத்தாள். "இது கெஸ்யா. இது மூணும் அவ பசங்க. நேதன், ஜூப், கடைசி எல்பர்ட். எல்பர்ட் எங்க தாத்தாவோட அப்பா."

"பசங்களோட அப்பா?"

"வீட்டுல வேற யாரு இருக்கான், நீங்களே பாருங்க. எனக்கும் அவன் தாத்தாவோட தாத்தாதான். உங்களுக்கு என்ன முறையோ அதே முறை."

கிளைட் அடுத்த சுருளை மாட்டினார். 1830இல் ஆஸா இருந்தார், மனைவி இருந்தாள், வெள்ளைப் பிள்ளைகள் இருந்தார்கள். அடிமைகளின் கட்டம் காலியாக இருந்தது. அது எழுந்து போனதால் வந்த காலி அல்ல.

மறுநாள் நீதிமன்றத்தில் திருமணப் பதிவுகளைப் புரட்டினார்கள். 1821, அக்டோபர். ஆஸா ப்ளெட்சோவுக்கும் பெர்மிலியா ஸ்ட்ரவுடுக்கும் திருமணம். அருகே பெண்ணின் தகப்பன் எழுதிய சம்மதம்: மாப்பிள்ளையின் வீடு இப்போது ஒழிந்துவிட்டபடியால் என் மகளைத் தரச் சம்மதிக்கிறேன்.

"வீடு ஒழியணும்னுதான் முந்தின மாசம் செப்டம்பர்ல அவங்களை வித்தான்" என்றாள் ஆர்டெல்லா. "தாயை ஒரு பக்கம், பிள்ளைங்களை ஒரு பக்கம். எல்பர்ட் உள்நாட்டுப் போர் முடிஞ்சு விடுதலை கிடைச்சப்புறம் மிசிசிப்பியில இருந்து நடந்தே வந்து சேர்ந்தான். 1870ஆம் வருஷத்துக் கணக்குலதான் அவனுக்குப் பேரு கிடைச்சுது. மத்தவங்க என்ன ஆனாங்கன்னு இன்னிவரைக்கும் தேடறோம்."

பெர்மிலியா வயிற்றுப் பிள்ளையின் வழியில் வந்தவள் வெர்னா. அந்த வீடு ஒழிந்திராவிட்டால் தான் பிறந்திருக்கவே மாட்டோம் என்பது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பதிவேட்டின் மை இன்னும் ஈரமாக இருந்து அவள் கட்டைவிரலில் ஒட்டியது. ஊழியர் துணி கொடுத்தார். அந்தப் பக்கம் எப்போதும் அப்படித்தான் என்றார்.

"நான் மன்னிப்புக் கேக்கணும்" என்றாள் வெர்னா. "அந்தக் கடுதாசிங்களுக்கு, நான் பேசின பேச்சுக்கு..."

"கேளுங்க. குடுப்பேனான்னு தெரியல. நீங்க கேக்கறதை நிறுத்தவேணாம்."

வெர்னா சான்றுப் படிவத்தில் கெஸ்யாவையும் மூன்று பையன்களையும் பெயரோடு எழுதி அனுப்பினாள். இந்தக் கிளை தேவையில்லை, நீக்கி அனுப்பினால் வண்டியில் இடம் உண்டு என்று சங்கம் பணிவாகப் பதில் எழுதியது. அவள் நீக்கவில்லை. ஊர்வலத்தன்று நடைபாதையில் நின்றாள். வண்டியில் இருந்தவர்கள் கையசைத்தார்கள், அவளைப் பார்த்ததும் கையைத் தாழ்த்தினார்கள். நூலகத்தில் அதன்பிறகு எந்த வரியும் காலியாகவில்லை.

ஆகஸ்டில் டெப்போ தெரு ப்ளெட்சோக்கள் ஆற்றங்கரையில் ஒன்றுகூடி உண்பது வழக்கம். ஆர்டெல்லா சொல்லியனுப்பியதால் வெர்னா உருளைக்கிழங்கு சாலட்டோடு போய் மேசையின் கடைசியில் உட்கார்ந்தாள். பாதிச் சாப்பாட்டில் ஆஸா வந்தார். பழைய முரட்டுத் துணிக் கோட்டு, வெர்னாவின் அதே மோவாய். மேசைக்குச் சற்றுத் தள்ளி, தலையைத் தொங்கப்போட்டு நின்றார். வெர்னா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உக்காரச் சொல்லட்டுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேணாம்" என்றாள் ஆர்டெல்லா. "நிக்கட்டும். விரட்டவும் வேணாம். அந்தச் சோளத்தை இப்படி நகர்த்துங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் வருகிறார். பேசுவதில்லை, உண்பதில்லை, மழை பெய்தால் நனைகிறார். பெரியவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைகள், தொட்டுவிட்டு ஓடும் தூணாக அவரைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.