தீஜாவுக்கு வந்த கன்றுகள்

கட்டிக்கொடுத்த மகள்கள் தாய்வீடு வந்து விரதமிருக்கும் தீஜா நோன்புக்கு அந்த ஆண்டு சாஜாபாரா ஊருக்கு நாற்பத்தோரு பெண்களும் அறுநூற்றுப் பன்னிரண்டு இலுப்பைக் கன்றுகளும் வந்தார்கள். பெண்கள் பஸ்ஸில் வந்தார்கள். கன்றுகள் நூற்றெண்பது கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்ததால் ஒரு வாரம் முன்னதாகவே கிளம்பியிருந்தன.

ஊருக்கு அடியில் நிலக்கரி இருந்தது. அதன்மேல் அறுநூற்றுப் பன்னிரண்டு இலுப்பை மரங்கள். அரசாங்கத்துக்கு இரண்டும் வேண்டும். ஆகவே இங்கே ஒரு மரம் சாய வேண்டுமானால் தெற்கே ஒரு பொட்டலில் ஒரு கன்று நிற்க வேண்டும், மழை ஓய்ந்ததும் தணிக்கை அதிகாரி எண்ணிப் பார்த்து எழுதிய பிறகே கோடரி என்று விதி செய்தார்கள். அந்த மரங்களின் விதையிலேயே கன்று போட்ட ஊர் நாற்றங்காலுக்குக் கூலிக்குப் போனவள் இத்வாரின் போர்த்தே. அவளுக்கு மேட்டில் பதினோரு மரங்கள். பாதி வருஷத்துச் சாப்பாடு அவற்றின் பூவில்தான் வந்தது. தான் வளர்க்கும் கன்று வேர் பிடித்தால் தன் மரம் விழும் என்று தெரிந்தேதான் தண்ணீர் ஊற்றினாள். லாரியில் ஏற்றிய அன்று, வளர்த்ததை அனுப்பும்போது செய்கிற முறைப்படி, பெண்கள் ஒவ்வொரு வேரிலும் மஞ்சளரிசி முடிந்து அழுதார்கள். "தீஜாவுக்கு வந்துடு தாயி. கூட்டிவர அண்ணன் வராட்டியும் நீயா கெளம்பி வந்துடு" என்றாள் இத்வாரின். வாய்ப்பழக்கத்தில் வந்த பேச்சு. கன்றுகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

வந்தவை யாரும் காட்டாமலே அதனதன் தாய்மரத்தடியில் போய் நின்றன. விரதத்துக்கு முந்தின சாயங்காலம் மகள்களுக்குப் பாகற்காய்ச் சோறு. கன்றுகளுக்குப் பாகற்காய் வெந்த தண்ணீரை ஆறவைத்து ஊற்றினார்கள். புதுச்சேலைக்குப் பதில் ஆளுக்கொரு துணிக்கிழிசல். தெற்கே தணிக்கை அதிகாரி அதே வாரம் அறுநூற்றுப் பன்னிரண்டு வெறுங்குழிகளை எண்ணிவிட்டுப் போனார். வெட்டு அனுமதி ஓராண்டு தள்ளிப்போனது.

வனத்துறை ரேஞ்சர் சதுர்வேதி ஜீப்பில் வந்து இறங்கினார். "இதெல்லாம் சர்க்கார் சொத்து. ஏத்தி விடு, இத்வாரின்."

"தீஜாவுக்கு வந்த பொண்ணைச் சும்மா ஏத்தி விடுவாங்களா சாகேப்? புகுந்த வீட்டுக்காரங்க மொறையா வந்து கூப்பிடணும்."

"புகுந்த வீடு எது?"

"கொண்டுபோய் நட்டது நீங்கதானே? உக்காருங்க மாப்ளே, கால் கழுவத் தண்ணி கொண்டாறேன்."

"அறுநூத்திப் பன்னெண்டு சம்சாரம்! ஜீப்பு பத்தாது சார்" என்றான் டிரைவர்.

சதுர்வேதி உட்கார்ந்தார். பலகாரம் தின்றார். மறுநாள் முறையாக அழைத்தார்; கன்றுகள் மறுபேச்சில்லாமல் போய் நன்றாக வேர் பிடித்தன. மாநிலத்திலேயே சிறந்த நடவு என்று பரிசும் வாங்கின. அடுத்த தீஜாவுக்கு மறுபடி வந்தன. மழை ஓய்வதும் தீஜா வருவதும் ஒரே சமயம். தணிக்கைத் தேதியை மாற்ற வேண்டுமானால் இரண்டு அமைச்சகங்கள் கையெழுத்திட வேண்டும், ஒன்று இட்டது, மற்றது ஏன் என்று கேட்டது. "கன்றுகள் தாய்வீடு சென்றுள்ளன. திரும்பியதும் அடுத்த ஆண்டுத் தணிக்கையில் எண்ணப்படும்" என்று கோப்பில் எழுதுவது நான்காம் ஆண்டிலிருந்து வழக்கமாயிற்று. ஓய்வுபெற்ற பிறகும் சதுர்வேதி ஆண்டுதோறும் இனிப்புப் பொட்டலத்தோடு அழைக்க வந்தார்.

இத்வாரினின் பதினோரு மரங்களும் பூத்துக்கொண்டிருந்தன. பதினாலாம் ஆண்டு, ஆள் உயரத்தைத் தாண்டிவிட்ட மகள்கள் சில, கையளவு சிறு கன்றுகளையும் கூட்டிக்கொண்டு மேடேறி வந்தன. இத்வாரின் எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பில் இன்னும் இரண்டு பாகற்காயை நறுக்கிப் போட்டாள்.