வலப்பக்கத்து வீட்டுக்கு ஒரு கழிப்பறை

பங்களாவுக்குப் போகும் இரும்புக் கேட்டின் இரண்டு பக்கமும் இரண்டு குட்டி வீடுகள். விக்டோரியா காலத்துச் சீமாட்டி ஒருத்தி, கோச்சு வண்டியிலிருந்து பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கட்டியவை. எட்டு மூலைச் சுவர். வீட்டுக்கே பாரமாகத் தெரியும் புகைக்கூண்டு. கேட் திறப்பவன் குடும்பம் இடப்பக்கம் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, வண்டிப்பாதையைக் கடந்து வலப்பக்கம் வந்து தூங்கியதாம்.

இப்போது இடப்பக்கம் க்வெண்டா பெடோஸ் குடியிருக்கிறார். வலப்பக்கம் நான். கழிப்பறை அவர் பக்கம்தான். சாவி கொடுத்திருக்கிறார், குறை சொல்ல முடியாது. ஆனால் பங்களா இப்போது கல்யாண மண்டபம். துண்டும் பல் துலக்கும் பிரஷ்ஷுமாக நான் பாதையைக் கடக்கும் கோலம், யார் யாருடைய கல்யாண ஆல்பத்திலோ இருக்கிறது.

எனக்குப் பழகிவிட்டது. நவம்பரில் ஊரிலிருந்து அப்பா வருகிறார் என்றதும்தான் கவலை வந்தது. சர்க்கரை உள்ளவர். ராத்திரிக்கு ஆறு தடவை எழுந்து, பனி உறைந்த பாதையில் வழுக்கி விழுந்தால்?

என் வீட்டிலேயே ஒரு கழிப்பறை கட்ட மனுப் போட்டேன். பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஹிலரி டிரான்டர் அளவு நாடாவோடு வந்தார்.

"கழிப்பறை கட்டலாம். ஆனா உங்க வீட்டுக்குப் பின்னாடி பாறை. கழிவுக் குழாய் முன்பக்கச் சுவர்லதான் வரும். கேட்டுல நின்னு பார்த்தா, ஒத்தைக் காதுல கம்மல் போட்ட மாதிரி இருக்குமே."

"அப்போ முடியாதுங்களா?"

"முடியும். அந்த வீட்டு முன்னாடியும் ஒரு குழாய் வைக்கணும். பொய்க் குழாய். உள்ள எதுவும் போகாது, சும்மா நிக்கும். அவங்க கையெழுத்துப் போடணும்."

சிரிப்பாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

க்வெண்டா மாவு படிந்த கையோடு வெளியே வந்தார். "இவ கழிப்பறைக்கு என் வீட்டு மூஞ்சியில குழாயா?"

"பொய்க் குழாய்தான் க்வெண்டா," என்றேன்.

"அது இன்னும் கேவலம் கண்ணு! நிஜக் குழாய்னாலாவது பிரயோஜனம் இருக்கு."

போச்சு என்று நினைத்தேன். அப்பாவுக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று.

ஹிலரி க்வெண்டா வீட்டு முன் ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். "இந்த ஜன்னல் கல்லுதானே? கண்ணாடி மாதிரி பெயிண்ட் அடிச்சிருக்கு."

"தெரியும். எதிர்வீட்டு ஜன்னலுக்கு ஜோடியா வரணும்னு அடிச்சது."

"பளபளன்னு இருக்கே?"

"வாராவாரம் தொடைக்கிறேன்ல! அவ ஜன்னல் பளிச்சுன்னு இருந்து என்னோடது மட்டும் தூசியா இருந்தா, போறவன் வர்றவன் என்னை என்ன நினைப்பான்?"

"அதேதாங்க இந்தக் குழாயும். அவங்க வீட்டுல இருந்து உங்க வீட்டுல இல்லேன்னா..."

க்வெண்டா எதிரே என் வீட்டை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். பிறகு கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"அவளுதை விட ஒரு அங்குலம் குட்டையா வச்சீங்க, பிடுங்கி எறிஞ்சிடுவேன்."

அப்பா வந்த மறுநாள் காலை, வெளியே நின்று இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தம்மா வீட்டுலயும் புதுசா?" என்று கேட்டார். எதிர் வாசலில் நின்ற க்வெண்டாவுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

க்வெண்டா தன் குழாயைத் தட்டிக் கொடுத்தார். "உன் அப்பாகிட்ட சொல்லு கண்ணு. உன்னுது எப்படியோ, என்னோடது ஒரு நாளும் அடைக்காது."