நொயெலி தேர்ந்தெடுத்த படகு

மாமியாரின் எழுபதாவது பிறந்தநாள் இந்த வருஷம் வராமலே இருந்திருக்கலாம் என்று நொயெலிக்குத் தோன்றியது. பாவம், மார்ஜரி கேட்டது வைரமோ வைடூரியமோ இல்லை. விசிறிப் படகில் சதுப்புக்குள் போய், ஒரு முதலையைப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். மகன் கிரான்ட் அம்மா பேச்சைத் தட்டுகிற ரகம் இல்லை. மூன்று பேரும் டல்லாஸிலிருந்து நாள் முழுக்கக் கார் ஓட்டி நியூ ஆர்லியன்ஸ் வந்து சேர்ந்தார்கள். முதலை என்னவோ நகரத்தில் இல்லை. நொயெலி பிறந்து வளர்ந்த சதுப்பில், அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் இருந்தது.

டல்லாஸில் அவள் பெயர் நோரா. அப்பா இறால் தொழில் செய்தார், அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள், தனக்கென்று யாரும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே கிரான்ட் வீட்டில் இப்படிச் சொல்லிவைத்திருந்தாள். முதல் இரண்டும் நிஜம். மூன்றாவதற்கு ஓவிட் என்று பெயர். கூடப் பிறந்த அண்ணன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் சவ அடக்கத்துக்கு மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையோடு சேர்ந்து விழுந்தவன். அன்று சாயங்காலமே நொயெலி பஸ் ஏறினாள். அந்த அவமானத்தை மன்னிக்க அவளுக்கு மனசு வரவில்லை. பிறகு அவன் போட்ட கடிதங்களைப் பிரிக்காமலே குப்பையில் போட்டாள்.

மறுநாள் காலை, ஓட்டல் வாசலில் அடுக்கியிருந்த சுற்றுலாத் துண்டுக் காகிதங்களை எல்லாம் அள்ளிவந்து, காலைப் பலகாரத்துக்கு நடுவே மார்ஜரி கடை பரப்பினாள். பளபளவென்று முதலை வாய் பிளந்த படங்கள். அவற்றுக்கு நடுவில், கறுப்பு வெள்ளையில் நகலெடுத்த ஒரு காகிதம்.

"இத கேளுங்க. 'ஆறு பேருக்கு மேல ஏத்த மாட்டேன். அவசரம் இல்லை. பிறந்தது இந்தத் தண்ணியில. கேப்டன் ஓவிட்.' எனக்கு இந்த ஆளப் பிடிச்சிருக்கு" என்றாள் மார்ஜரி.

நொயெலி முகத்தில் ஈயாடவில்லை. "பெரிய கம்பெனிதான் நல்லது" என்றாள்.

"முப்பது பேரோட இடிச்சுக்கிட்டு உக்காரவா? சும்மா இரு நோரா." மார்ஜரி அதற்குள் எண்ணை அழுத்தி, மூன்று பேருக்கும் கேட்கும்படி போனை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"வாங்க மேடம்" என்றது குரல். அவனேதான். "மூணு பேருதானா? பரவாயில்ல, மூணு பேருக்கே எடுக்கிறேன். பத்து மணிக்கு வந்துருங்க. காத்து குளுரும், மேல போட எதாவது எடுத்துக்கங்க."

அந்தக் குரலில் என்ன ஒரு ஆவல். நொயெலிக்கு அது கேட்காமல் இல்லை. கேட்டதால்தான் பயம் வந்தது. அவனைப் பார்த்தால் இவர்கள் என்ன நினைப்பார்கள், தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்கிற பயம். மார்ஜரியின் காதருகே குனிந்தாள்.

"வேண்டாம். இந்தச் சின்னப் படகுக்காரனுங்க காலையிலயே குடிச்சிருப்பானுங்க. நான் பாத்து வளந்தவ, எனக்குத் தெரியும்."

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பதினொரு வருஷத்துப் பழைய நிஜம். ஆனால் மார்ஜரியிடம் ஒரு கெட்ட பழக்கம், எதையும் மறைக்கத் தெரியாது.

"மன்னிச்சுக்கப்பா" என்றாள் போனிடம். "என் மருமக உங்க பக்கத்துப் பொண்ணுதான். சின்னப் படகுக்காரங்க குடிச்சிட்டு ஓட்டுவாங்கங்கிறா. நாங்க வரல."

"சரிங்க மேடம். நல்லா சுத்திப் பாருங்க" என்று குரல் அடங்கியது. கசப்பே இல்லாமல் சொன்னான், அதுதான் நொயெலியை என்னவோ செய்தது. இருந்தும் கம்பெனிப் படகுக்கு அவளே போன் செய்து மத்தியானத்துக்கு இடம் பிடித்தாள்.

சொந்தப் படகுக்கு ஆள் வராத நாளில், கம்பெனியில் ஓட்டுகிறவன் யாராவது வராமல் போனால், கூப்பிட்ட குரலுக்குப் போய் நிற்பது அந்தப் பக்கத்துப் படகுக்காரர்களின் வழக்கம். சதுப்பிலேயே பிறந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். டல்லாஸ் வாசத்தில் மறந்து தொலைத்திருந்தாள்.

கம்பெனிப் படகுத்துறையில் ஓவிட் நின்றிருந்தான். உடம்பு இளைத்து, தலை நரைத்து. கம்பெனிச் சட்டைப்பையில் 'ரெமி' என்று, அன்றைக்கு வராமல் போனவன் பெயர் தைத்திருந்தது. தலை வலிக்கிறது, காரிலேயே இருக்கிறேன் என்று நொயெலி சொல்ல வாயெடுப்பதற்குள் கிரான்ட் அவள் கையைப் பிடித்து முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டான். விசிறி இரைச்சலுக்காக ஓவிட் ஒவ்வொருவருக்கும் காதடைப்பான் கொடுத்துக்கொண்டு வந்தான். அவள் கையில் கொடுக்கும்போது ஒரு விநாடி தாமதித்தான். அவ்வளவுதான்.

"கைகால உள்ள வச்சுக்கங்க மக்களே. முதலைங்க இன்னும் சாப்பிடல" என்று வழக்கமான வேடிக்கையைச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

பின்னால் பெரிய விசிறி உறுமியது. படகு புல்லையும் தண்ணீரையும் ஒன்றாக வழித்துக்கொண்டு பறந்தது. உள்ளோடையில் ஓவிட் இன்ஜினை நிறுத்தி, முதலைகளுக்கென்று வைத்திருந்த பஞ்சு போன்ற வெள்ளை மிட்டாயைத் தண்ணீரில் எறிந்தான். முதலைகள் கூப்பிட்ட நாய்கள்போல வந்தன. மார்ஜரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் அந்த அம்மாள் வாய் நிற்காது.

"கேப்டன், எங்க நோரா இந்த ஊர்ப் பொண்ணு. காலையில ஒரு சின்னப் படகுக்காரன்கிட்ட ஏமாற இருந்தோம், இவதான் காப்பாத்தினா."

ஓவிட் மிட்டாய்ப் பையின் வாயை நிதானமாக மடித்தான். "அப்படிங்களா" என்றான்.

சதுப்புக்காரர்கள் ஊர் ஆளைக் கண்டால் பெயரை விசாரிக்க மாட்டார்கள், யார் பிள்ளை என்றுதான் விசாரிப்பார்கள். அவனும் அதைத்தான் கேட்டான். நேராக அவள் முகத்தைப் பார்த்து, மெதுவாக.

"யாரு வீட்டுப் பொண்ணு மேடம்?"

கதவைத் திறந்துவைத்த மாதிரிதான். உன் வீட்டுப் பெண், உன் தங்கச்சி என்று ஒரு வார்த்தை. அவள் குனிந்து மடியிலிருந்த காதடைப்பானைப் பார்த்தாள். முந்திக்கொண்டது மார்ஜரி.

"டுஃப்ரீன் வீடு. பாவம், அவங்க வீட்ல எல்லாரும் போயிட்டாங்க. இவ ஒருத்திதான் மிச்சம்."

"எல்லாருமா?"

கேள்வி மார்ஜரிக்கு இல்லை என்பது நொயெலிக்குத் தெரியும். முப்பது பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். கிரான்ட் ஆறுதலாக அவள் தோளில் கைபோட்டான்.

"எல்லாரும்" என்றாள் நொயெலி.

ஓவிட் தொப்பியைக் கழற்றினான். அங்கே துக்கம் விசாரிக்கும்போது அப்படித்தான் செய்வார்கள். "ரொம்ப வருத்தம் மேடம். நல்ல குடும்பம், எனக்குத் தெரியும்" என்றான். பிறகு தொப்பியை வைத்துக்கொண்டு உயரத்தில் இருந்த தன் இருக்கையில் ஏறினான். திரும்பும் வழியெல்லாம் ஒரு வேடிக்கைகூடச் சொல்லவில்லை.

துறையில் மார்ஜரிக்குப் படம் எடுத்தே ஆகவேண்டும். "ஊர்க்காரங்க ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க" என்று நொயெலியை அவன் பக்கத்தில் தள்ளினாள். அவனிடம் பெட்ரோல் வாடை வந்தது. வேறு எந்த வாடையும் இல்லை.

கேமராவைப் பார்த்தபடியே அவன் சொன்னான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "குடிய விட்டு ஒம்போது வருஷமாச்சு, நொயெலி. கடிதாசி போட்டேனே."

"நல்லா சிரிங்க" என்றாள் மார்ஜரி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

காரில் ஏறியதும் மார்ஜரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் கூட இல்லன்னா நோரா, அந்தக் குடிகாரன்கிட்ட போய் மாட்டியிருப்போம்."

"ஆமா" என்றாள் நொயெலி.