பின்பக்கம் தாழாத கார்

தவராசாவின் காருக்குப் புதிய ஸ்பிரிங்கும் அதிர்வைத் தாங்கும் சொக்கும் பூட்டிக் கொடுத்த ஐந்தாம் நாள், சாமான் பெட்டியோடு உடனே கண்டி வீதிச் சோதனைச் சாவடிக்கு வரவேண்டும் என்று அலியாருக்கு ஒருவர் வந்து சொன்னார். சொன்னவர் ஒரு பஸ் கொண்டக்டர். "ஆமி காரை மறிச்சு வச்சிருக்கு. பூட்டின ஆளைத்தான் கேக்கிறாங்கள்" என்றுவிட்டு அவர் நிற்காமல் போய்விட்டார்.

அலியார் கிண்ணியாக்காரன். டோஹாவில் ஒரு கராஜில் ஒன்பது வருடம் அமெரிக்கக் கார்களின் அடியில் படுத்துக் கிடந்துவிட்டு, 2005 கடைசியில் திரும்பி வந்து, திருகோணமலை உட்துறைமுக வீதியில் சொந்தக் கராஜ் போட்டிருந்தான். வரும்போது கொண்டுவந்த பெட்டி ஒன்றில் நான்கு சொக்குகள் இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு ஸ்பிரிங். அதைத் தாங்க, புரியிட்ட குழாயில் மேலும் கீழும் திருகக்கூடிய ஒரு வளையம். வளையத்தைத் திருகினால் கார் உயரும் அல்லது தாழும். அடியில் இருக்கும் குமிழைத் திருப்பினால் ஓட்டம் இறுகும் அல்லது இளகும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்த அவன் மனைவி லைலா, ஒரு சேலைகூட இல்லையென்று ஒரு கிழமை முழுக்க அவனோடு கதைக்கவில்லை.

தவராசா துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞர். வேலைக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் விட்டுப்போன அறுபத்தெட்டாம் ஆண்டு அமெரிக்க மஸ்டாங் கார் ஒன்றை வைத்திருந்தார். பின்பக்கத்து வில்தகடுகள் தளர்ந்து, இரண்டு பேர் ஏறினாலே வால் நிலத்தைத் தேடும். அந்தக் காரைக் கண்ட நாளிலேயே அலியார், "அண்ணன், என்னட்ட இரிக்கிற சாமானை இதுக்குப் போடுவம்" என்று தானாகவே சொன்னான். எட்டு நாள் வேலை. தவராசா ஒவ்வொரு பின்னேரமும் வந்து குந்தியிருந்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவி புஸ்பராணியும் சில நாள் வந்து பார்த்தாள்.

அலியார் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது கார் வெயிலில் நின்றது, பக்கத்தில் தவராசாவும் புஸ்பராணியும். தம்பலகாமத்தில் புஸ்பராணியின் அக்கா வீட்டிலிருந்து ஏற்றிய ஆறு மூட்டை அரிசியும் தெருவில் கிடந்தது. எல்லா மூட்டையையும் ஊசிக்கம்பியால் குத்தியிருந்தார்கள்.

ராணுவக் கோப்ரல் ஒருவன் சிங்களத்தில் கேட்டான், தவராசா தமிழில் சொன்னார்.

"சுமை ஏத்தின காரெண்டால் பின்பக்கம் தாழவேணுமாம். இது ஏன் தாழேல்லையெண்டு கேக்கிறார்."

"தாழாம இரிக்கத்தானே பூட்டினது."

அந்தப் பதில் கோப்ரலுக்குப் பிடிக்கவில்லை. நாலு சொக்கையும் கழற்றச் சொன்னான். அலியார் ஜக் வைத்துக் காரைத் தூக்கி, கொதிக்கும் தாரில் முதுகு வேக ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்தான். கோப்ரல் முதலாவதின் தலைப்பில் இருந்த நட்டைச் சப்பாத்தால் தட்டி, திற என்றான்.

"இப்பிடியே திறக்க ஏலா. ஸ்பிரிங் அமுங்கி நிக்கிது. பாஞ்சா ஆள் முடிஞ்சிரும்."

தவராசா நாக்குழறி எதையோ மொழிபெயர்த்தார். இரண்டு ஆமிக்காரரின் துவக்குகள் அலியாரின் பக்கம் திரும்பின. அவன் கைகளைக் காட்டியபடியே, வளையத்தை மெல்ல மெல்லக் கீழே திருகினான். ஸ்பிரிங் தளர்ந்து லொடலொடத்தது. பிறகுதான் நட்டைக் கழற்றினான். கோப்ரல் வெறும் குழாயைக் கையில் எடுத்துக் குலுக்கினான்.

"உள்ளுக்கு என்னவாம்?"

"எண்ணெயும் காஸும்."

காஸ் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கோப்ரல் இப்போது தவராசாவிடம் திரும்பி, உனக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டான்.

"மம தன்னே நெஹெ" என்றார் தவராசா. தெரியாது என்பதற்கு மேலேயும் சொன்னார். இவன்தான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவன், இவன்தான் பூட்டினவன்.

அவ்வளவு சிங்களம் அலியாருக்கும் விளங்கும். அவனுடைய காதுகள் சூடேறின. பயத்தால் இல்லை.

காரோரம் நின்ற புஸ்பராணி முன்னால் வந்தாள். அவளுடைய சிங்களம் தட்டுத்தடுமாறியது, ஆனால் குரல் தடுமாறவில்லை. "எங்கட கார். எட்டு நாளும் இவர் பக்கத்தில இருந்து பாத்தவர். எல்லாம் தெரியும். அந்த ஆளைக் கொண்டுபோறதெண்டால் இவரையும் கொண்டுபோங்கோ." தவராசா அவளுடைய கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள்.

கோப்ரலுக்கு அலியாரை ஏற்றிக்கொண்டு போகும் யோசனை இருந்திருந்தால் அவன் அதை விட்டுவிட்டான். சொக்குகளை விடவில்லை. உள்ளே பார்க்கவேண்டும், துளை போடு என்றான்.

அலியார் கைத்துளைப்பானை எடுத்தான். எண்ணெய் பீறிட்டு அவனுடைய சட்டையெல்லாம் தெறித்தது. சீறிய சத்தத்தில் மூன்று ஆமிக்காரர்கள் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்து விழுந்தார்கள். எழுந்து சிரித்தார்கள். கோப்ரலும் சிரித்தான். சிரித்து முடித்து, மற்ற மூன்றையும் காட்டினான்.

நாலையும் அலியார் தன்னுடைய கையாலேயே துளைத்தான்.

இருட்டுக்கு முன் காரை எடுக்கவேண்டும் என்றார்கள். செத்த சொக்குகளையே திரும்பப் பூட்டினான். தவராசா கிட்ட வந்து, "தம்பி, பயத்தில வாய்தவறி..." என்று தொடங்கினார்.

"பயம் எனக்கும் இரிந்திச்சி. எனக்கு விளங்காதெண்டு நெனச்சித்தானே சொன்னீங்க?"

தவராசா அரிசி மூட்டைகளைத் தூக்கி ஏற்றத் தொடங்கினார். புஸ்பராணி அந்தக் காரில் ஏறவில்லை. கைகாட்டி மறித்த முதல் பஸ்ஸில் ஏறிப் போனாள்.

மூன்று நாள் கழித்து அவள் தனியாகக் கராஜுக்கு வந்தாள். கார் தோணிபோல ஆடுகிறது, பழைய வில்தகடுகளைப் போடலாமா என்று கேட்டாள்.

"உங்களுக்காகச் செய்றன் அக்கா."

"எனக்காக வேண்டாம். அவர் வந்து கேக்கட்டும். வராட்டிக் கார் முற்றத்தில மழையில நிண்டு கறள் பிடிக்கட்டும்."

தவராசா வர இன்னும் பதினொரு நாள் எடுத்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அரைநாள் வேலை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு காரை ஆட்டி ஆட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். அலியார் வணக்கம் சொல்லவில்லை, கதிரையும் போடவில்லை. காரைத் தூக்கி, கீழே ஒரு சாக்கை விரித்தான்.

"படுங்க."

"தம்பி, உடுப்பு..."

"படுங்க அண்ணன்."

படுத்தார். அலியாரும் பக்கத்தில் படுத்து, பழைய வில்தகடுகளைத் திரும்பப் பூட்டி, ஒவ்வொரு நட்டையும் முறுக்கும்போது அதன் பெயரையும் வேலையையும் சொன்னான். அவரையும் திருப்பிச் சொல்ல வைத்தான். பிழைவிட்டால் மறுபடியும் சொன்னான். கிறீஸ் வடிந்து சட்டைக் கழுத்தில் இறங்கியது. இரண்டு மணித்தியாலம். கடைசி நட்டையும் முறுக்கிவிட்டு, "இனி ஆர் கேட்டாலும் தெரியாதெண்டு சொல்ல ஏலா" என்றான்.

"ஓம்" என்றார் தவராசா. அவருடைய கண் கலங்கியிருந்தது. அலியார் அதைப் பார்க்க விரும்பவில்லை.

வீட்டுக்குப் போனபோது, "இப்ப கோவம் தீந்திச்சா?" என்று லைலா கேட்டாள்.

"இல்ல" என்றான். "அவரைப் புடிச்சிக் காருக்குக் கீழ போட்டன். அந்தக் கோப்ரலை நான் எங்க கொண்டுபோய்ப் போட?"

லைலா சோற்றைப் போட்டு வைத்தாள்.