பீலியில் வைத்த கை

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கொம்பு ஊதும் முன்னரே சிவசாமி மருந்து டாங்கியை முதுகில் மாட்டிவிட்டான். பனியில் ஊறிய பித்தளை முதுகைக் கடித்தது. தேயிலைக்குள் முளைக்கும் புல்லுக்கு மருந்தடிப்பது அவன் வேலை. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் கையைவிட்டு அந்த வாடை போகாது. அந்தக் கையால்தான் மகள் நாகலெட்சுமிக்குத் தீர்த்தம் கொடுத்தான்.

இரண்டு மாதமாகிறது. பிள்ளை வாந்தி எடுத்தாள். ஓடை முனியின் கோபம் என்றது தோட்டத்து வரிசை வீடுகளான லயம். அதற்கு வழக்கம் ஒன்றுதான்: ஓடைத் தண்ணீர் வந்து கொட்டும் பீலிக்கு மூன்று விடியல் பிள்ளையைத் தூக்கிப்போய், தலையை நனைத்து, மூன்று கை குடிக்க வைப்பது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மனைவி அழகம்மா கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. மூன்றாம் நாள், “கசக்குதுப்பா” என்றாள் மகள்.

“சாமித் தண்ணி, குடிச்சிரு கண்ணு.”

குடித்தாள். பின்னேரம் மூச்சடங்கிப்போனாள். அன்றிலிருந்து அழகம்மா அவனோடு பேசுவதில்லை. பீலிதான் பேசியது. ‘கசக்குதுப்பா, கசக்குதுப்பா’ என்று இரவும் பகலும் கொட்டிக்கொண்டிருந்தது.

நேற்று மாலை பக்கத்துக் காம்பரா வீட்டு வீரம்மாவின் மகன் சின்னராசா வாந்தி எடுத்தான். சிவசாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓடையோரமாக ஏறினான். மருந்தடிக்கிறவர்கள் ஒரு வருஷமாய் டாங்கி கழுவும் பாறைக்குக் கீழே நண்டுகள் மல்லாந்து கிடந்தன. பாறைக்கு மேற்பக்க ஓடையில் உயிரோடு ஓடித் திரிந்தன. முனியின் கோபம் பாறைக்குக் கீழே மட்டுமா இறங்கும்? அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வீரம்மாவின் வாசல்வரை வந்தும் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், தன் பிள்ளைக்குத் தானே நஞ்சு ஊட்டினேன் என்று சொல்ல வேண்டும்.

இன்று விடியலில் டாங்கியை மாட்டியதும் பழக்கத்தில்தான். மனம் அவனைப் பீலிக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. பனிக்குள்ளிருந்து வீரம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பின்னால் குடங்களோடு பெண்கள், அழகம்மாவும்.

சிவசாமி பீலியின் வாயைக் கையால் அடைத்தான்.

“தள்ளிக்கங்கண்ணே, தீர்த்தம் குடுக்கணும்.”

“குடுக்காத தங்கச்சி. இதுல முனி இல்ல. நாங்க கழுவுற மருந்துதான் இருக்கு. எம்மகளுக்கு நாந்தான் ஊத்திக் குடுத்தேன். நீயாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு!”

வீரம்மா ஓடினாள். அழகம்மா நேற்றைய தண்ணீர் கிடந்த குடத்தைக் கவிழ்த்தாள். ஒவ்வொருத்தியாகக் கவிழ்த்தார்கள்.

அன்று பெரட்டுக்குக் கொழுந்துக் கூடைகள் வரவில்லை, வெறுங்குடங்கள் வந்தன. மருந்தடிக்கிற எட்டுப் பேரும் டாங்கிகளைத் தோட்டத்துத் துரையின் முன் இறக்கி வைத்தார்கள்.

“என்ன இது? வேலைக்குப் போ!”

“ஓடையில சேராம, லயத்துக்குக் கீழ குழி வெட்டிக் குடுங்க தொரே, அங்க கழுவுறோம். தண்ணிய சோதிக்க அரசாங்கத்துச் சுகாதார ஐயாவ வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் டாங்கியத் தொடமாட்டோம்” என்றான் சிவசாமி.

“கொஞ்சம் மருந்துதானே? ஓடுற தண்ணி, போயிரும். நீ சட்டம் படிச்ச ஆளா?”

“சட்டம் படிக்கலீங்க. நண்டு செத்ததப் பாத்தேன்.”

அழகம்மா முன்னால் வந்தாள். “ஓடுற தண்ணியில போயிரும்னா, ஒங்க பங்களாப் பைப்ப எதுக்குங்க பாறைக்கு மேல போட்டிருக்கீங்க?”

துரை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைப் பார்த்தார். கண்டாக்கையா தன் சப்பாத்தைப் பார்த்தார்.

“எல்லாருக்கும் பேர் வெட்டுவேன், இன்னிக்குச் சம்பளமே இல்ல!” என்று கத்தினார் துரை.

“வெட்டிக்கங்க. நாங்க தண்ணி எடுக்கப் போறோம்” என்றாள் அழகம்மா.

லயம் முழுவதும் மலையேறியது. பங்களாப் பைப்பருகே நின்ற காவல்காரர் ஒதுங்கி வழிவிட்டார். சிவசாமியால் பாறையைத் தாண்ட முடியவில்லை. அங்கேயும் மகளின் குரல்தான் கேட்டது.

அழகம்மா முதல் குடத்தை நிரப்பிக்கொண்டு அவனிடம் இறங்கி வந்தாள்.

“ஆஸ்பத்திரியில இருந்து சின்னராசா வந்தா குடிக்கத் தண்ணி வேணும். தூக்கணும், வாங்க.”

இரண்டு மாதத்தில் முதல் பேச்சு. அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“என் கையி…”

“கழுவிக்கங்க. இங்க வேணாம், ஓடைய விட்டுத் தள்ளி வாங்க.”

புல்மேட்டில் அவன் கைகளை நீட்டினான். மருந்தடிக்கிற மற்ற ஏழு பேரும் வந்து நீட்டினார்கள். கீழே துரையின் ஜீப் உறுமிக்கொண்டு ஏறி வந்தது. யாரும் திரும்பவில்லை. அழகம்மா குடத்தைச் சாய்த்து, பதினாறு கைகளுக்கும் ஊற்றினாள்.