நாலு தேசிக்காயும் ஒரு பழைய ஜீப்பும்

ஜீப்பை விற்ற சுவிஸ் விவசாயி சொன்னதையெல்லாம் இராஜசிங்கம் ஒன்றுவிடாமல் செய்து முடித்த பிறகுதான், அவருடைய மனைவி சிவகலா கைப்பையிலிருந்து எலுமிச்சை மணக்கும் நாலு தேசிக்காயை எடுத்து, ஜீப்பின் நாலு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"இழுத்துக்கொண்டு போற வாகனத்துக்கும் தேசிக்காயோ?"

"முதன்முதல் எங்கடை எண்டு கொண்டு போறம். சும்மா கொண்டு போறதோ?"

வாதாட அவருக்குத் தெம்பில்லை. விடிய நாலு மணிக்கு எழும்பி, லாங்கன்தால் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட்டை முடித்துவிட்டு, சாப்பிடாமலே இந்த மலைக்கிராமத்துக்கு வந்தவர். இருபத்தாறு வருஷமாக அதே மெஷின், அதே இரும்புத்தூள். முதுகு எப்போதோ கைவிரித்துவிட்டது. கடைசியில் மூன்று அடுக்குமாடிகளைப் பராமரிக்கிற ஹவுஸ்வார்ட் வேலை கிடைத்தது. மார்கழியில் தொடக்கம், ஸ்னோ தள்ள நாலு சில்லும் இழுக்கிற சொந்த வாகனம் வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குத்தான் இந்தக் கிழட்டு ஜீப். ரேடியேட்டர் ஓட்டை என்பதால் கராஜ் வரைக்கும் இழுத்துத்தான் போகவேண்டும். போன வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் விலகல் கடிதம் கொடுத்ததை அவர் சிவகலாவுக்குச் சொல்லவில்லை. ஜீப் ஓடட்டும், பிறகு சொல்லலாம் என்று விட்டிருந்தார்.

ஜீப்பில் இரண்டு கியர் லீவர். இழுக்கும்போது பெரியது கியரில் கிடக்கவேண்டும், சின்னது நியூட்ரலில் இருக்கவேண்டும், சின்னதை மறந்தால் கியர்பெட்டி எரிந்துவிடும் என்று விவசாயி மூன்று தரம் சொல்லியிருந்தார். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் சாவியையும் திருப்பியே விடச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாகனம் தானாக ஏறி நசுக்கினால்தானே அது தேசிக்காய்! இராஜசிங்கம் சின்ன லீவரை நியூட்ரலிலிருந்து எடுத்துத் திரும்பவும் முன்னுக்குத் தள்ளி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஒரு முழம் உருட்டினார். நாலும் நசிந்தன. சிவகலா கண்மூடிக் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டுவிட்டு, தன் காரில் செய்து பழகிய கையோடு பெரிய லீவரை நியூட்ரலில் தட்டி எஞ்சினை நிறுத்தினார். கராஜ்கார குணசேகரம் தன் வான் வண்டியின் பின்னால் இரும்புத்தடி போட்டு ஜீப்பைப் பூட்டினார். சிவகலா வானில் ஏறிக்கொண்டாள். இராஜசிங்கம் ஜீப்பைத் திருப்ப அதிலேயே இருந்தார்.

எஞ்சின் ஓடாததால் ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. பிரேக்கை ஊன்றி மிதிக்க வேண்டியிருந்தது. குணசேகரம் நாற்பதைத் தாண்டவில்லை. அந்த மெதுவில் இராஜசிங்கத்துக்குக் கண் சொருகியது. ஸ்னோ தள்ளுகிறவனும் விடிய நாலு மணிக்குத்தான் எழும்பவேண்டும் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தனக்குள் சிரித்துக்கொண்டார். என்ன, தலைக்குமேல் நின்று நேரம் பார்க்க அங்கே ஒருவனும் இருக்கமாட்டான். அது போதும்.

கீழே ஏதோ முனகியது. பிறகு ஒரு நாற்றம். வயலுக்கு அடித்த சாணி என்று முதலில் நினைத்தார். கருகல் நாற்றம் மூக்கில் ஏறியபோது குனிந்து பார்த்தார். சின்ன லீவர் முன்னுக்கே நின்றது. ஹோர்னை விடாமல் அடித்தார்.

வானை ஓரங்கட்டிவிட்டு வந்த குணசேகரம் ஜீப்புக்குக் கீழே புகுந்து, தொட்ட கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"அண்ணை, கியர்பெட்டி போயிட்டுதோ?"

"திறந்து பாத்தாத்தான் சொல்லலாம். எஞ்சின் ஓடாட்டில் உள்ளுக்கை எண்ணெய் மேலை ஏறாது. ஒம்பது கிலோமீட்டர் காய்ஞ்சபடி சுத்தியிருக்கு. ஆர் சின்ன லீவரை மாத்தினது?"

சிவகலா வானிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். "நான்தான் தேசிக்காய் எண்டு..."

"நான்தான் மறந்தனான்," என்றார் இராஜசிங்கம்.

அவள் அவருடைய கையைப் பிடித்தாள். அவள் அப்படி ரோட்டில் வைத்துக் கைபிடிக்கிறவள் அல்ல.

"போனாப் போகட்டும், விடுங்கோ. நல்லகாலம், வேலையை விடுறனெண்டு நீங்கள் இன்னும் எழுதிக் குடுக்கேல்லை."

அவர் வாயைத் திறந்தார். பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

"ஓம், குடுக்கேல்லை," என்றார்.

சின்னதை நியூட்ரலுக்கும் பெரியதைக் கியருக்கும் மாற்றிவிட்டு, குணசேகரத்தையும் கூப்பிட்டுக் காட்டினார். வான் திரும்பவும் இழுத்தது. ரோட் இறக்கமாகப் போனது. வானின் பின்கண்ணாடி வழியாகச் சிவகலா திரும்பி, கவலைப்படாதேங்கோ என்று கையைக் காட்டினாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கமுடியாமல் இராஜசிங்கம் தலையை ஆட்டினார். அது அவளுக்குத் தெரிந்திருக்காது. அவள் இன்னும் கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.