இரண்டு கட்டங்கள்

அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வந்த பாட்டிலில் அண்ணனின் பெயர் இருந்தது. வயதும் சரியாக இருந்தது. ஆறு வருடமாக அவளோடு பேசாத அண்ணனின் கழுத்திலிருந்து நேற்று எடுத்த கட்டி, கோலிக்குண்டு அளவில் ஃபார்மலின் திரவத்துக்குள் கிடந்தது.

கூட வந்த படிவத்தில் இரண்டு கட்டங்கள்: எக்ஸ்பிடைட், ஆக்ஸிலரேட். எல்லாம் சீக்கிரம்தானே என்று மருத்துவர்கள் இரண்டிலும் டிக் அடித்து அனுப்பிவிடுவார்கள். முதலாவது, காத்திருக்கும் பாட்டில்களைத் தாண்டி இதை முன்னால் எடுப்பது. இரண்டாவது, திசுவை மெழுகுக்குத் தயார் செய்யும் இயந்திரத்தின் பதின்மூன்று மணி நேரத்தை மூன்றாகக் குறைப்பது. ஊசியில் எடுத்த நூலிழை போன்ற திசுவுக்கு அது போதும். இப்படித் தடித்த துண்டுக்கு மெழுகு நடுவரை இறங்காது, நுண்ணோக்கிக்காகச் சீவும்போது பொடிந்துவிடும். போன வருடம் யாரோ ஒருவரின் அழுகைக்கு இரங்கி அவளே இயந்திரத்தை அப்படி ஓட்டினாள். 'எதுவும் சொல்ல இயலவில்லை' என்று அறிக்கை போனது.

அண்ணி போனில் அழைத்தாள்.

"உங்கண்ணன் ரெண்டு நாளா வாயில எதுவும் வைக்கல. இன்னிக்கே சொல்லிடும்மா."

"இத முதல்ல எடுத்துட்டேன் அண்ணி. ஆனா நாளைக்கு மத்தியானம் ஆயிடும்."

"பழைய கோவத்த காட்ட இதான் உனக்கு நேரமா?"

அழைப்பு அறுந்தது.

இயந்திரத்தின் முன் வெகுநேரம் நின்றாள். குறுகிய ஓட்டத்துக்கு ஒரே ஒரு பொத்தான். இன்று இரவு எட்டு மணிக்குள் தெரிந்துவிடும். யாருமே வராத அவள் வீட்டுக்கு அண்ணன் ஒருவேளை வருவான். விரல் அந்தப் பொத்தானின் மேலேயே இருந்தது. பிறகு நீண்ட ஓட்டத்தை அழுத்தினாள். படிவத்தில் இரண்டாவது டிக்கின் மேல் கோடு போட்டு நீக்கிவிட்டுக் கையெழுத்திட்டாள்.

ஆறரை மணிக்கு மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள். அவள் அண்ணனின் எண்ணை அழுத்தினாள்.

"வந்துடுச்சா?" என்றான், முதல் மணியிலேயே எடுத்து.

"இல்லண்ணா. மெஷின்ல இருக்கு."

"அப்ப எதுக்குக் கூப்பிட்ட?"

இயந்திரத்துக்குள் திசு வைத்த கூடை ஒரு ஜாடியிலிருந்து எழும்பி, சொட்டி, முனகலோடு அடுத்ததில் இறங்கியது.

"என்ன சத்தம் அது?"

"உன்னோடதுதான். மூணாவது ஜாடிக்குப் போவுது."

"இன்னும் எத்தன?"

"ஒம்பது."

"வச்சிடாத" என்றான்.

அவள் ஸ்டூலை இயந்திரத்தின் அருகே இழுத்துப் போட்டு, போனை அதன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.